முதல் பேமென்ட் வந்தாச்சு... இனிமேதான் தலை பத்திரம்!

முதல் கஸ்டமரைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிடித்த மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. பணம் வந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால், பல ஃபவுண்டர்கள் தங்கள் மோசமான முடிவுகளை எடுப்பது அந்த முதல் பேமென்ட் வந்த இரண்டு மூன்று வாரங்களில்தான். அறிவு குறைந்துபோவதால் இல்லை. மனசு ஓவர்டைம் பார்ப்பதால்.

சந்தோஷம், பயம், நன்றி, வெட்கம், சந்தேகம் எல்லாம் வரிசையில் நிற்காமல் ஒரே நேரத்தில் முண்டியடித்துக்கொண்டு வரும். வரட்டும். ஒவ்வொன்றும் உங்களை ஒரு குறிப்பிட்ட பிசினஸ் தவறை நோக்கித் தள்ளும், அதுதான் சிக்கல். எது எங்கே தள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பாதி நஷ்டத்தைத் தவிர்க்கலாம். வேலையை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப்பில் இறங்கியவர்களுக்கும், வேலையில் இருந்துகொண்டே ராத்திரியில் சொந்த ப்ராடக்ட் கட்டுபவர்களுக்கும் இது பொதுவானது.

1. அது கஸ்டமர்தானா?

கொண்டாடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பேமென்ட் கேட்வே வேலை செய்கிறதா என்று கோ-ஃபவுண்டர் தன் கார்டில் போட்டுப் பார்த்த ஒரு ரூபாய் கணக்கில் சேராது. சித்தப்பா தன் கம்பெனிக்கு ஒரு வருட சப்ஸ்கிரிப்ஷன் எடுத்தால், அது மொய். மொய்யை என்றைக்காவது திருப்பிச் செய்தாக வேண்டும். ‘பையன் கஷ்டப்படுறான்’ என்று பழைய மேனேஜர் வாங்கிக் கொடுத்தாலும் அதே கதைதான்.

நம்மீது பாசம் உள்ளவர்கள் நம் ஐடியாவைப் பற்றி உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013-இல் எழுதிய ‘தி மாம் டெஸ்ட்’ முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. பாசத்தில் சொல்லும் பாராட்டுக்கு மட்டுமில்லை, பாசத்தில் கொடுக்கும் பணத்துக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

ஒரே ஒரு கேள்வி போதும்: உங்களுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருவர், தன் சொந்தப் பணத்தையோ தான் கணக்குச் சொல்ல வேண்டிய பட்ஜெட்டையோ எடுத்து உங்களிடம் கொடுத்தாரா? 2010-இல் ஜோஹோவை விட்டு வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்கள். 2011 ஜூனில் ப்ராடக்ட் லைவ் ஆனது. முதல் பேயிங் கஸ்டமர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் அட்வெல் காலேஜ். மாமாவும் இல்லை, மச்சானும் இல்லை. முகம் பார்த்து இரக்கப்பட்டு வாங்க வழியே இல்லாத தூரத்திலிருந்து ஒரு பேமென்ட். 2021 செப்டம்பரில் அந்த கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக்கில் லிஸ்ட் ஆனது வேறு கதை. அட்வெல் மாதிரி ஒரு கஸ்டமர் வந்த எல்லோருக்கும் அது நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால், அப்படி ஒரு கஸ்டமர் வந்தால் மட்டும்தான் ‘முதல்’ என்று எண்ண ஆரம்பிக்கலாம்.

சித்தப்பாவின் பணத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. தாராளமாக வாங்குங்கள். ஷீட்டில் மட்டும் வேறு நெடுவரிசையில் எழுதுங்கள்.

2. சந்தோஷத்துக்கு ஒரு சாயங்காலம் கொடுங்கள்

1995-இல் அமேசான் ஆரம்பித்த புதிதில், ஆர்டர் வரும் ஒவ்வொரு முறையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும்படி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் எல்லோரும் கூடி, வாங்கியவர் யாருக்காவது தெரிந்தவரா என்று பார்ப்பார்களாம். சீக்கிரத்திலேயே மணிச்சத்தம் தொல்லையாகி அதை நிறுத்த வேண்டி வந்தது. உங்களுக்கு அந்தத் தொல்லை வரும்வரை மணி அடிக்கட்டும், தப்பில்லை. டீமுடன் பிரியாணி சாப்பிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

லிங்க்ட்இன் பக்கம் மட்டும் அன்றைக்குப் போக வேண்டாம். கஸ்டமர் பெயரைப் போட்டு ‘வீ ஆர் த்ரில்ட்’ என்று நீங்கள் எழுதினால், அதை அக்கறையோடு படிக்கும் முதல் ஆள் உங்கள் போட்டியாளரின் சேல்ஸ் ஹெட்தான். நாளைக்கே அதே கஸ்டமருக்கு மூன்று மாதம் ஃப்ரீ என்று ஒரு மெயில் போகும். இன்னொரு சேதமும் உண்டு. அடுத்து நீங்கள் பேசப்போகும் பெரிய கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து பார்ப்பார். ‘முதல் கஸ்டமர்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் மூடிவிடுவார். பரிசோதனை எலியாக யாருக்கும் ஆசை இல்லை.

வீட்டில் சொல்லும்போது ஒரு சின்ன சூட்சுமம். எண்பதாயிரம் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், ‘இன்னைக்கு 2,999 ரூபா வந்துச்சு’ என்று ஆரம்பித்தால், அப்பாவின் அடுத்த கேள்வி ‘மாசம் எவ்ளோ வரும்?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அன்றைய சந்தோஷம் சுருங்கிப்போகும். தொகையை விடுங்கள். ‘முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் காசு குடுத்து வாங்கியிருக்கார்ப்பா’ என்று சொல்லுங்கள். கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது உடனே புரியும். போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடும் கடைக்காரர், அது பத்து ரூபாயா நூறு ரூபாயா என்று பார்த்தா ஒற்றுகிறார்?

3. பயம் வந்தால் போனை எடுங்கள்

பணம் வந்த குஷி அடங்கியதும் வயிற்றைக் கலக்கும். இதுவரை ஐடியா, பிட்ச் டெக், டெமோ என்று ஓடியது. இனி ஒருவர் காசு கொடுத்திருக்கிறார், பொருள் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

2007 அக்டோபரில் ஃப்ளிப்கார்ட்டுக்கு முதல் ஆர்டர் வந்தபோது நடந்தது இதுதான். அன்றைய ஆந்திராவின் மஹபூப்நகரிலிருந்து ஒருவர், ஜான் வுட் எழுதிய ‘லீவிங் மைக்ரோசாஃப்ட் டு சேஞ்ச் தி வேர்ல்ட்’ புத்தகத்தை ஆர்டர் செய்தார். புத்தகம் கைவசம் இல்லை. சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பெங்களூரில் கடை கடையாகத் தேடிப் பிடித்து வாங்கி அனுப்பினார்கள். இரண்டு பேரும் ஐஐடி இன்ஜினீயர்கள், அமேசானில் வேலை பார்த்தவர்கள். முதல் ஆர்டருக்குக் கைகொடுத்தது அவர்களுடைய கோடிங் இல்லை, கால்கள்தான்.

பயம் உங்களைத் தள்ளும் தவறு, ஒளிந்துகொள்வது. ‘இன்னும் கொஞ்சம் பாலிஷ் பண்ணிட்டு கால் பண்றேன்’, ‘அந்த பக்கை ஃபிக்ஸ் பண்ணிட்டு ஆன்போர்டிங் மெயில் அனுப்பலாம்’ என்று நாள் தள்ளுவீர்கள். அந்தப் பக்கம் கஸ்டமர் லாகின் ஆகி, ஒன்றும் புரியாமல் வெளியே போயிருப்பார். அவரிடமிருந்து கம்ப்ளெயின்ட் வரவில்லை என்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வீர்கள்.

அதே நாளில் கூப்பிடுங்கள். ‘எப்படி இருக்கு சார்?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி வைத்துவிடுவார். உங்களுடையது பில்லிங் ஆப் என்றால் இப்படிக் கேளுங்கள்: ‘சார், லாகின் ஆயிடுச்சா? நான் பத்து நிமிஷம் லைன்லயே இருக்கேன். முதல் பில்லை ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுடலாம்.’ முதல் பில்லை அவர் போட்டு முடிக்கும்வரை போனை வைக்கக் கூடாது. ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் நிறுவனத்தின் காலிசன் சகோதரர்கள் ஆரம்பத்தில் யாராவது ‘முயற்சி பண்றேன்’ என்று சொன்னால் லிங்க் அனுப்புவதோடு விடமாட்டார்களாம். ‘லேப்டாப்பைக் கொடுங்கள்’ என்று வாங்கி அங்கேயே செட்டப் செய்துவிடுவார்கள். ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரஹாம் 2013-இல் எழுதிய கட்டுரை ஒன்றால் இந்தப் பழக்கம் பிரபலம் ஆனது. ஸ்கேல் ஆகுமா என்ற கவலை உங்களுக்கு இப்போது தேவையில்லை. இருப்பது ஒரு கஸ்டமர்.

போனை வைத்ததும் ஒரு வேலை. சேல்ஸ் பேசும்போது என்னவெல்லாம் வாக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, அவருக்கே மெயில் அனுப்புங்கள். நீங்கள் சொல்லாத இரண்டு விஷயங்களை அவர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். அது இன்றைக்கே வெளியே வருவது நல்லது.

4. நன்றி: இருப்பதிலேயே காஸ்ட்லியான உணர்ச்சி

இந்த இடத்தில்தான் நல்ல பையன்களும் நல்ல பெண்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘யாருமே நம்பாதப்ப என்னை நம்பினவர்’ என்ற எண்ணம் தலைக்குள் புகுந்துவிட்டால், அந்த கஸ்டமர் உங்கள் முதலாளி ஆகிவிடுவார். அவர் கேட்டு ஆவதில்லை, நீங்களே ஆக்கிவிடுவீர்கள்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி ஹோல்சேல் கடை, மாதம் 1,500 ரூபாய்க்கு உங்கள் பில்லிங் ஆப்பை எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்தரைக்கு ஓனரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: ‘தம்பி, பில்லுல பார்ட்டி பேருக்குக் கீழ லாரி ஆபீஸ் பேரும் எல்.ஆர். நம்பரும் வர்ற மாதிரி பண்ணிக்குடுங்க. சின்ன வேலைதானுங்களே.’ செய்து கொடுக்கிறீர்கள். அடுத்த வாரம், மச்சான் பார்க்கும் குடோனுக்கு மட்டும் தனி ரேட் வர வேண்டும். அதையும் செய்கிறீர்கள். அதற்கடுத்த வாரம், கடையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் நீங்கள் விற்றது இல்லை. இருந்தாலும் போகிறீர்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் யார்? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சம்பளத்தில் அந்தக் கடையின் ஐடி டிபார்ட்மென்ட். போட்டி கம்பெனி அதே மூன்று மாதத்தில் பத்து கடைகளில் டெமோ காட்டி முடித்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்வதும் முட்டாள்தனம். வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரே வடிகட்டி: இவரைத் தெரியாத இன்னும் மூன்று கடைக்காரர்கள் இதையே கேட்பார்களா? சரக்கை லாரியில் ஏற்றிவிடும் எல்லா ஹோல்சேல் கடைக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர் வேண்டும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். அவர் உங்களுக்கு இலவசமாக மார்க்கெட் ரிசர்ச் செய்து கொடுத்திருக்கிறார். மச்சானின் குடோன் அவர் குடும்ப விஷயம்.

ஆப்பிள் கதையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1976-இல் பைட் ஷாப் கடையின் பால் டெரல், ஒன்று 500 டாலர் வீதம் 50 ஆப்பிள்-1 வேண்டும் என்றார். ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் விற்க நினைத்தது வெறும் சர்க்யூட் போர்டை. வாங்குபவர் தானே சால்டரிங் செய்துகொள்ள வேண்டும். டெரல் போட்ட கண்டிஷன், முழுசாக அசெம்பிள் செய்து தர வேண்டும் என்பது. அந்த கண்டிஷன் அவருடைய கடைக்கு மட்டும் பொருந்துவதில்லை, எல்லா வாடிக்கையாளருக்கும் பொருந்தும். ஒத்துக்கொண்டார்கள், உதிரி பாகங்களை 30 நாள் கடனில் வாங்கிச் செய்து முடித்தார்கள். கொண்டுபோய் இறக்கியபோது கேஸ் இல்லை, கீபோர்டு இல்லை, மானிட்டர் இல்லை. டெரல் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். இருந்தும் பணத்தைக் கொடுத்தார். முதல் கஸ்டமர் கேட்ட முக்கியமான ஒன்றைச் செய்துவிட்டால், மற்றவற்றில் அவர் அனுசரித்துப்போவார் என்று அந்த இரண்டு இளைஞர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

மறுப்பது எப்படி? ஈரோட்டு ஓனரிடம் ‘அது எங்க ரோட்மேப்ல இல்லைங்க’ என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘குறிச்சுக்கிட்டேனுங்ணா. இந்த மாசம் ஜிஎஸ்டி ரிப்போர்ட் முடிக்கணுமுங்க. குடோன் ரேட் உங்களுக்குத் தனியா பண்ற வேலைங்கறதால தனி சார்ஜ் ஆகுமுங்க. எவ்வளவுன்னு நாளைக்குச் சொல்லட்டுங்களா?’ விலை என்ற வார்த்தை வந்ததும் பாதிக் கோரிக்கைகள் தானாக அடங்கிவிடும். மீதிப் பாதிக்குப் பணம் வரும். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

டிஸ்கவுண்ட் விஷயமும் இதில் அடக்கம். முதல் ஆள் என்பதற்காக விலையைக் குறைத்தால், குறைப்பதற்கு ஒரு முடிவுத் தேதி எழுத்தில் இருக்க வேண்டும். ‘முதல் ஆறு மாதம் இந்த ரேட், அதன் பிறகு லிஸ்ட் பிரைஸ்.’ ஆயுள் முழுக்க பாதி விலை என்று கையெழுத்துப் போட்ட ஃபவுண்டர்களுக்கு, பிற்பாடு அந்த ஒரு கஸ்டமருக்கு சப்போர்ட் கொடுப்பதே நஷ்டமாக இருக்கும். அப்போது விலையேற்றிப் பேசினால், நன்றி மறந்தவர் என்ற பெயரும் கிடைக்கும்.

5. பணம் கேட்க வெட்கமா?

சில முதல் கஸ்டமர்கள் ஆர்டரைக் கொடுப்பார்கள், பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். ‘மன்த் எண்ட்ல பார்த்துக்கலாம்’ என்பார்கள். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும். போணியைக் கடனுக்குக் கொடுக்காத கடைக்காரர் உங்களைவிட விவரமானவர். பணம் அக்கவுண்ட்டில் விழும்வரை அவர் பேயிங் கஸ்டமர் இல்லை, வெறும் யூசர்.

வேலை முடிந்த அன்றே இன்வாய்ஸ். நம்பர் ‘001’ என்று போட்டு நீங்கள் புதுசு என்று தம்பட்டம் அடிக்க வேண்டாம். ஜிஎஸ்டி விதி கேட்பது 16 எழுத்து-எண்களுக்குள், நிதியாண்டுக்குள் திரும்ப வராத, தொடர்ச்சியான நம்பர். உங்களுக்கென்று ஒரு சீரிஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் கம்பெனியாக இருந்தால், லட்ச ரூபாய் பில்லுக்கு லட்சம் வராது. புரொஃபெஷனல் ஃபீஸ் என்றால் பொதுவாக 10 சதவீத டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். முதல் தடவை இதைப் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். பதற்றத்தில் சண்டை மெயில் அனுப்பாதீர்கள். பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். அதைச் செய்துவிட்டு நம்பரை இன்வாய்ஸில் போடுங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பொருளோ சேவையோ தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு கிடுக்கிப்பிடியும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். கஸ்டமரின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். எனவே ரிமைண்டர் மெயிலை ஓனருக்கு அனுப்பி அவரைச் சங்கடப்படுத்தாமல், அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு அனுப்புங்கள். ‘ஒரு சின்ன ரிமைண்டர் சார், டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி’ என்ற குழைவு வேண்டாம். இன்வாய்ஸ் நம்பர், தொகை, கெடு தேதி. அவ்வளவுதான்.

6. ‘இவர் ஏன் வாங்கினார்?’

ஒரு வாரம் கழித்து, தூக்கம் வராத ராத்திரியில் இந்தக் கேள்வி வரும். குருட்டு அதிர்ஷ்டமா? தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டாரா? தகுதியில்லாமல் இங்கே நிற்கிறோமோ என்ற இந்த உறுத்தலுக்கு பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இலேயே ‘இம்போஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதுசாக உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

மருந்து எளிது. அவரையே கேட்டுவிடுங்கள். ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார், 1995-இல் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டரைத் தன் சைட்டில் ஏலத்துக்குப் போட்டார். 14.83 டாலருக்கு ஒருவர் எடுத்தார். ஒமிட்யாருக்கு நம்பிக்கை வரவில்லை. ‘இது உடைந்தது என்று தெரியுமல்லவா?’ என்று அவருக்கே மெயில் போட்டார். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது. எதற்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறான் என்ற அந்தத் தகவல் கேட்டதால் கிடைத்தது.

‘ஏன் எங்களை செலக்ட் பண்ணீங்க?’ என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்கு எதையாவது சொல்வார். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். எங்க ஆப் வர்றதுக்கு முன்னாடி இந்த வேலையை எப்படிப் பார்த்தீங்க? வேற எதெல்லாம் பார்த்தீங்க, அதை ஏன் விட்டீங்க? வாங்கலாம்னு முடிவு பண்ண அன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் தங்கம் இருக்கிறது. ‘ஆடிட்டர் வந்து ரெண்டு நாள் உக்காந்தும் ஸ்டாக் டேலி ஆகல’ என்று சொன்னாரா? அந்த வாக்கியத்தை அப்படியே உங்கள் வெப்சைட்டின் தலைப்பில் போடுங்கள். ‘ஏஐ பவர்ட் இன்வென்டரி சொல்யூஷன்’ என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதைவிட அது நன்றாக விற்கும்.

7. புகழும்போதே கேட்டு வாங்குங்கள்

‘பரவாயில்ல, நல்லா பண்ணியிருக்கீங்க’ என்று முதல் தடவை சொல்லும் நிமிஷம்தான் அவரிடம் எதையும் கேட்க ஏற்ற நேரம். ரினீவல் வரை காத்திருந்தால் பேச்சு விலைக்குப் போய்விடும். அப்போதே மூன்று கேளுங்கள்: இரண்டு வரி டெஸ்டிமோனியல், லோகோவைப் பயன்படுத்த மெயிலில் சம்மதம், இதே தொல்லை இருக்கும் இன்னொருவரின் அறிமுகம். டெஸ்டிமோனியலை நீங்களே டிராஃப்ட் செய்து அனுப்புங்கள். அவர் எழுதித் தருவார் என்று காத்திருந்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

8. இரண்டாவது ஆள் வராத நாட்கள்

ஒருவர் வந்துவிட்டால் வரிசை கட்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. கட்டாது. 2007 அக்டோபரில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் சான்ஃபிரான்சிஸ்கோ வீட்டில் காற்றடித்த மெத்தைகளைப் போட்டு, இரவுக்கு 80 டாலர் வீதம் மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். அதுதான் பின்னாளில் ஏர்பிஎன்பி. உற்சாகமாக 2008 மார்ச்சில், சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவை ஒட்டி சைட்டை மறுபடி லான்ச் செய்தபோது வந்த புக்கிங் இரண்டு. அதில் ஒன்று செஸ்கியே செய்துகொண்டது. அந்த ஆண்டு பிற்பகுதியில், அதிபர் தேர்தலில் நின்ற ஒபாமா, மெக்கெய்ன் படம் போட்ட காலை உணவு சீரியல் டப்பாக்களை ஒன்று 40 டாலருக்கு விற்று ஏறக்குறைய 30,000 டாலர் சேர்த்துக் கம்பெனியை ஓட்டினார்கள்.

இந்தக் காலத்தில் மனசு உங்களை முதல் கஸ்டமரின் மடியிலேயே போய் உட்காரச் சொல்லும். அங்கே பாராட்டு கிடைக்கிறது, வெளியே நிராகரிப்பு கிடைக்கிறது. எந்தப் பக்கம் போக மனசு வரும்? அதனால்தான் காலண்டரில் தினமும் காலை இரண்டு மணி நேரத்தைப் புது ஆட்களுக்கான போன் கால்களுக்கு என்று பூட்டி வைக்க வேண்டும். சப்போர்ட் வேலை எல்லாம் அதன் பிறகு.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் பேமென்ட் வந்த வாரத்தில் ரிசிக்னேஷன் மெயில் டைப் செய்யாதீர்கள். டைப் செய்யத்தான் தோன்றும். ஒரு கஸ்டமரை வைத்து நிரூபணம் ஆவது, ஒருவர் வாங்குவார் என்பது மட்டும்தான். உங்களோடு தொடர்பே இல்லாத ஐந்து பேர் வந்து, அதில் இரண்டு பேராவது ரினீவ் செய்யட்டும். அதுவரைக்கும், ஆஃபர் லெட்டரில் வெளிவேலை பற்றிய ஷரத்து என்ன சொல்கிறது, ஆபீஸ் லேப்டாப்பில் எழுதிய கோடு யாருக்குச் சொந்தம் என்று படித்து வையுங்கள். ராத்திரியில் கட்டிய ப்ராடக்ட்டை ஹெச்ஆர் உரிமை கொண்டாடும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

9. அவர் போகும் நாள்

முதல் கஸ்டமர்களில் பலர் நிலைப்பதில்லை. உங்கள் ப்ராடக்ட் தன் உண்மையான சந்தையைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வந்தவர்கள் அவர்கள். கேன்சல் மெயில் ஒரு நாள் வரும். இரண்டே வரி இருக்கும். வந்தபோது இருந்த சந்தோஷத்தைவிடப் போகும்போது வலி அதிகமாக இருக்கும். லாபத்தைவிட நஷ்டம் மனிதர்களுக்கு உறைப்பாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே காட்டியிருக்கிறார்கள். ‘இவ்ளோ செஞ்சும் இப்படிப் பண்ணிட்டாரே’ என்று கோபம் வரும். அவருக்கு நீங்கள் ஒரு வெண்டர். வேறு இடத்தில் மலிவாகவோ வசதியாகவோ கிடைத்திருக்கிறது, போகிறார். நாளைக்கு உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியை நீங்களும் இப்படித்தான் மாற்றுவீர்கள்.

அன்று ராத்திரி பதில் அனுப்ப வேண்டாம். காலையில் அனுப்புங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்ச வேண்டாம். இத்தனை நாள் ஏன் முழு விலை வாங்கினாய் என்ற கேள்விதான் அவர் மனதில் வரும். அவருடைய டேட்டா முழுவதையும் எக்ஸெல்லில் எடுத்து, அவர் கேட்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். மீதி நாட்களுக்கான பணம் இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். மெயிலின் அடியில் ஒரே ஒரு கேள்வி: ‘எந்த நாளில், எந்த வேலையின்போது மாற வேண்டும் என்று தோன்றியது?’ பதில் வந்தால் விவாதம் செய்யாமல் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி விடைகொடுப்பதில் லாபமும் உண்டு. ஜவுளிக்கடைக்காரர்கள் நாலு பேரிடம் பேசுகிறவர்கள். ஆறு மாதம் கழித்து, புது ஆப்பில் எல்.ஆர். நம்பர் வரவில்லை என்று அந்த ஈரோட்டு ஓனரே திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டால் நலம் விசாரித்துவிட்டு, இன்றைய லிஸ்ட் பிரைஸைச் சொல்லுங்கள். பழைய ஆயிரத்து ஐந்நூறை அவரே ஞாபகப்படுத்துவார். ‘அது அப்போதைய ரேட்டுங்ணா’ என்று சொல்லிவிட்டு, பேமென்ட் லிங்க்கை அனுப்புங்கள்.